லயன் வீட்டில் ஒரு மின்தொழிலாளி

இரத்தினபுரிப் பகுதியில் மாலை மழை எவ்வாறு பெய்யும் என்பதை அங்கு வாழ்வோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை கொட்டும் நிலம் அது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மூன்று மணிக்கு மேல் மலைமுகட்டில் கருமேகம் திரளும். முதல் இடி முழங்கியவுடன் லயன் வீடுகளில் தாய்மார் செய்யும் முதற்காரியம் தொலைக்காட்சிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றுவதாகும். சிறிது நேரத்தில் விளக்கும் அணைந்துவிடும். உடனே, "அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கட்டும்" என்று ஒரு குரல் எழும்.

யார் அந்தத் தம்பி? எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை என எப்பக்கத்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே அப்படி ஒருவர் இருப்பார். காலையில் இரப்பர் பால் வெட்டப் போவார். அல்லது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வார். மாலையில் ஒரு டெஸ்டரும் ஒரு குறடும் கையிலேந்தி, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவார். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆயினும் அவர் இத்தொழிலை எவரிடமும் முறையாகக் கற்றவரல்லர், பார்த்துப் பழகியவர். அவர் பெயரில் ஒரு தராதரப் பத்திரமும் இல்லை.

இக்கட்டுரை அந்தத் தம்பிக்காகவும் அவருடைய பெற்றோருக்காகவும் எழுதப்படுவது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் மாணவ மாணவியருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம். வீட்டு மின்னிணைப்புத் தொழிலை முறையாகக் கற்பது எங்ஙனம், அதற்குரிய பத்திரங்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது நன்று என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

ஒளி வந்தது, கல்வி வரவில்லை

சப்ரகமுவ மக்களுக்கு மின்சாரம் அந்நியப் பொருளன்று. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவாகிய லக்ஸபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. பலாங்கொடைக்கு அண்மையில் வளவை கங்கையை மறித்துக் கட்டிய சமனலவெவ நிலையம் 1992இல் எழுந்தது. அதன் ஆற்றல் 120 மெகாவாற்று. இவற்றுக்கெல்லாம் முன்னரே தோட்டத் துரைமார் ஓடைநீரைக் குழாய் வழியே இறக்கிச் சக்கரம் சுழற்றித் தேயிலைத் தொழிற்சாலைகளை நடத்தினர்.

ஆனால், தொழிற்சாலையிலும் பங்களாவிலும் விளக்கு எரிந்த காலத்தில் லயன் காம்பராவில் குப்பி விளக்கே எரிந்தது என்பதை நம் மூத்தோர் அறிவர். இன்று நிலைமை மாறிவிட்டது. நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மின்சாரம் எட்டியுள்ளது. லயனுக்கும் கம்பி வந்தது; விளக்கு வந்தது; சோறு சமைக்கும் குக்கர் வந்தது. அக்கம்பியைப் பற்றிய கல்வி மட்டும் கூடவே வந்து சேரவில்லை. ஒரு காம்பராவுக்கென இட்ட கம்பியிலிருந்து புதிதாக எடுத்த குசினிக்கும், மகன் திருமணமானபின் தடுத்த அறைக்கும், சில வேளைகளில் அடுத்த வீட்டுக்குங்கூடக் கம்பி இழுத்துக்கொண்டோம்.

ஒரே கூரையின் கீழ்

தனி வீட்டில் மின்கோளாறு ஏற்பட்டால் அவ்வீட்டுக்கே ஆபத்து. லயன் அப்படியன்று. வரிசையாக அமைந்த பல குடும்பங்களின் காம்பராக்களுக்கு ஒரே கூரை. மேலே பழைய மரச்சட்டங்கள். அவற்றின் கீழே அட்டையோ சாக்கோ கட்டிய தட்டு. நடுநிசியில் ஒரு வீட்டின் கம்பி உருகித் தீப்பற்றினால் விடியுமுன் முழு லயனும் சாம்பலாகிவிடலாம். பாடப்புத்தகம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், மகள் திருமணத்துக்கெனச் சேர்த்து வைத்த நகை ஆகிய யாவும் ஒரே இரவில் போய்விட்ட குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம். ஆகையால் லயனில் ஒருவர் கம்பியைத் தொடும்போது தம் வீட்டை மட்டுமன்றி அயலார் அனைவர் வீட்டையும் தம் கையில் ஏந்துகிறார்.

கம்பி ஏன் உருகுகிறது என்பதைச் சிறு கணக்கினால் விளக்குவோம். நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ற்று. ஒரு கருவியின் வாற்று எண்ணை 230ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்பது தெரியும். 2,000 வாற்றுக் கேத்தல் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாற்று ஸ்திரிக்கைப் பெட்டி 4.3 ஆம்பியர். 700 வாற்றுச் சோறு சமைக்கும் குக்கர் 3 ஆம்பியர். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் காலை வேளையில் இம்மூன்றும் ஒருங்கே இயங்கினால் 16 ஆம்பியர் ஆகிறது.

இனிக் கம்பியைப் பார்ப்போம். கடையில் விற்கும் கம்பிச் சுருளில் 1/1.13 என்றும் 7/0.67 என்றும் அச்சிட்டிருக்கும். முன்னெண் உள்ளே எத்தனை இழைகள் என்பதைக் குறிக்கும்; பின்னெண் ஓர் இழையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். 1/1.13 என்பது ஒரு சதுர மில்லிமீற்றர்ச் செம்புக் கம்பி, விளக்குகளுக்கென இடப்படுவது. 7/0.67 என்பது ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். பிளக் தளங்களுக்கு உரியது. விலை குறைவென்று விளக்குக் கம்பியில் ஒரு பிளக் தளத்தைப் பொருத்தி, அதில் மூன்று கருவிகளை மாட்டுவோமாயின், கம்பி உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும். வெளியே எவருக்கும் தெரியாது.

அதைத் தடுக்கவே பியூஸ் இருக்கிறது. அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் அது எரிந்து கம்பியைக் காக்கும். ஆனால், "பியூஸ் அடிக்கடி போகிறது" என்று சலித்துக்கொண்டு தடித்த செம்பு இழையை அதில் சுற்றிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு செய்தபின் பியூஸ் எரியாது. அதற்குப் பதிலாகக் கூரை எரியும்.

ட்ரிப் சுவிட்சின் கடமை வேறு. 30 மில்லி ஆம்பியர், அஃதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, மின்சாரம் வழிதவறி மனித உடலூடாகவோ ஈரச் சுவரூடாகவோ மண்ணுக்கு ஒழுகினாலும் அது நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். பியூஸ் கம்பியைக் காப்பது. ட்ரிப் சுவிட்ச் உயிரைக் காப்பது. மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். அதை மறுவழியால் இணைத்து, விழாதவாறு செய்து தருபவர் நமக்கு நன்மை செய்தவராகார். தகரக் கூரையில் உரசிக் கிடக்கும் கம்பியின் உறை கிழிந்தால் கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். ஈரத்துணியை அதன் ஓரக் கம்பியில் காயப்போடும் தாயே முதலில் அதைத் தொடுபவர்.

விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது பழக்கத்தால் வந்த எண்ணம். விளக்கு எரிந்த பின்னரும் எர்த் சரியாக இருக்கிறதா, பேஸ் கம்பி சுவிட்ச் வழியாகத்தான் செல்கிறதா, ட்ரிப் சுவிட்ச் உரிய நேரத்தில் விழுகிறதா என்று சோதித்துப் பார்த்தே வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கல்வியால் வருவது. தம்பியின் கைத்திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. அத்திறனோடு இக்கல்வியும் சேர வேண்டும் என்றே சொல்கிறோம்.

பத்திரங்கள் பலவிதம்

தொழில் கற்பிக்கிறோம் என்று கூறும் சுவரொட்டிகளுக்கு நம் பட்டணங்களில் குறைவில்லை. மூன்று மாதத்தில் பயிற்சி, வெளிநாட்டில் வேலை, பொன்னெழுத்தில் சான்றிதழ் என்றெல்லாம் அவை பேசும். தந்தையார் தம் சேமலாப நிதிக் காசை எடுத்து மகனைச் சேர்க்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள.

இலங்கையில் தொழிற்கல்வியின் தரத்தைப் பேணும் பொறுப்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு உரியது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அது நிறுவப்பட்டது. தேசிய தொழிற்றகைமை என்னும் பத்திரம் அதன் அதிகாரத்தின் கீழ் வழங்கப்படுவதே. மக்கள் வழக்கில் என்.வி.கியூ. என்று சொல்லப்படுவது இதுதான். இதற்கு ஏழு மட்டங்கள் உண்டு. முதல் மட்டம் தொழிலின் அரிச்சுவடி. இரண்டு முதல் நான்கு வரையிலான மட்டங்கள் கைத்தொழிலாளருக்கு உரியவை; மட்டம் ஏற ஏற மேற்பார்வை குறையும், தற்பொறுப்பு கூடும். நான்காம் மட்டத்தை அடைந்தவர் பிறர் மேற்பார்வையின்றித் தாமே பொறுப்பேற்று வேலை செய்யவல்ல முழுமையான தொழிலாளியாகக் கருதப்படுவார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள். ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது.

வீட்டு மின்னிணைப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் மூன்றாம் மட்டத்தை வாசற்படியாகவும் நான்காம் மட்டத்தை இலக்காகவும் கொள்வது நன்று என்பது நம் கருத்து. தகைமை பெற்ற மின்தொழிலாளரையே வேலைக்கு அழையுங்கள் என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் மக்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. காலம் போகப்போகப் பத்திரமில்லாத கைக்கு வேலை குறையுமேயன்றிக் கூடாது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஒரு நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருப்பது ஒன்று; அந்நிறுவனம் நடத்தும் குறிப்பிட்ட பயிற்சிநெறி தேசிய தொழிற்றகைமைக்குரிய தர அங்கீகாரம் பெற்றிருப்பது மற்றொன்று. ஒரு கடைக்கு வியாபாரப் பதிவு இருப்பதனால் மட்டும் அங்கு விற்கும் அரிசியெல்லாம் நல்லரிசியாகிவிடுமா? ஆகவே, "உங்கள் நிறுவனம் பதிவு பெற்றதா?" என்று கேட்டு நின்றுவிடாமல், "இந்த மின்தொழில் வகுப்புக்கு எத்தனையாம் மட்ட அங்கீகாரம் உண்டு? முடிவில் கிடைப்பது உங்கள் சான்றிதழா, ஆணைக்குழுவின் சான்றிதழா?" என்று கேட்க வேண்டும். நேரான விடை வராத இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

இலண்டனில் 1878இல் தோன்றிய சிற்றி அன்ட் கில்ட்ஸ் போன்ற பிறநாட்டு நிறுவனங்களின் பத்திரங்களும் உண்டு. அவை வெளிநாடு செல்வோர்க்கு மதிப்புடையவை. ஆனால் செலவு மிக்கவை. உள்ளூரிலேயே தொழில் நடத்த எண்ணும் தோட்டத்து இளைஞர், முதலில் நாட்டுத் தகைமையைப் பெற்றுவிட்டு, உழைத்த காசில் பின்னர் அவற்றை நாடுவதே விவேகம்.

மூன்று வாசல்கள்

இத்தகைமையைப் பெற மூன்று வாசல்கள் உள்ளன.

முதலாவது, வகுப்பில் சேர்ந்து கற்பது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. 1893இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய தொழில்நுட்பப் பள்ளியின் மரபில் வந்தவை இவை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும், தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் நிலையங்களும் உள்ளன. சிலவற்றில் சேர சாதாரண தரச் சித்தி வேண்டும். அதற்குக் குறைந்த படிப்பே போதுமான வகுப்புகளும் உண்டு. பள்ளியை விட்டு நேரே வரும் மாணவருக்கு இதுவே ஏற்ற வாசல். வகுப்புக் காலம் முடிந்தபின் வேலைத்தளத்தில் பெறும் பயிற்சியும் இதில் அடங்கும். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவோர் பலர். பத்திரம் கிடைக்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பயிலுனராகச் சேர்வது. நைட்டா என்று வழங்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, இளைஞரை ஒரு தொழிலகத்திலோ தேர்ந்த தொழிலாளியிடமோ சேர்த்துப் பழக்குகிறது. தச்சு பாஸிடமும் மேசன் பாஸிடமும் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்ற நம் பழைய முறையே இது. ஆயின் எழுத்தில் ஒப்பந்தமும் முடிவில் பரீட்சையும் உண்டு. புத்தகத்தைக் கண்டால் தூக்கம் வரும், கருவியைக் கண்டால் கண் விரியும் என்ற வகையான பிள்ளைக்கு இவ்வாசல் பொருந்தும்.

மூன்றாவது வாசலே நம் தம்பிக்குரியது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மீண்டும் ஓராண்டு வகுப்பில் குந்தியிருக்க வேண்டியதில்லை. தாம் செய்த வேலைகளுக்குரிய சான்றுகளைத் திரட்டிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார். வேலையைச் செய்து காட்டச் சொல்வார். தேர்ச்சி உண்டெனில் வகுப்பில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே பத்திரம் இவருக்கும் கிடைக்கும். தேர்ச்சி காணாதவரிடம், "நீர் தவறிவிட்டீர்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை. இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்றே பதிவார்கள். சில பகுதிகளில் மட்டும் தேறியவருக்கு அப்பகுதிகளைக் குறித்த அடைவுப் பதிவு உண்டு. குறையைக் கற்றுக்கொண்டு மீண்டும் வரலாம்.

இதற்கு ஆயத்தம் வேண்டும். இன்றே ஒரு கொப்பி வாங்கிக்கொள்க. எந்தத் திகதியில், என்ன வேலை, எவ்வகைக் கம்பி, எத்தனை விளக்கு, எத்தனை பிளக் என்று ஒவ்வொரு வேலையையும் எழுதிவைக்க. கையிலுள்ள தொலைபேசியால் வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்க. வீட்டுக்காரரிடமும் கடைக்காரரிடமும் சிறு கடிதம் வாங்கி வைக்க. இவையே சான்றுகள். அடுத்து, பழக்கத்தில் கற்றவர்க்கு வழக்கமாகக் குறைவாக இருக்கும் பகுதிகளைத் தேடிக் கற்க வேண்டும். சுற்றுப்படம் வரைதல், எர்த் தடையை அளத்தல், மெகர் கொண்டு கம்பி உறையின் காப்பைச் சோதித்தல், எந்தச் சுமைக்கு எந்தக் கம்பி என்று கணக்கிடுதல் ஆகியவை அப்பகுதிகள். பழைய இணைப்புகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை. புதியவற்றில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். இரண்டும் கலந்து கிடக்கும் வீட்டில் நிறத்தை நம்பாமல் சோதித்தறிபவரே தேர்ந்தவர்.

நாட்கூலியும் வகுப்பும்

"பத்தாம் வகுப்புப் படித்தவன் கம்பி இழுக்கவா போகிறான்?" என்பார் தந்தை. "கொழும்பில் ஒரு கடையில் சேர்த்துவிட்டால் மாதம் முடிந்ததும் காசு வருமே, மச்சான்" என்பார் மாமன். அவர்கள் கூற்றையும் தள்ளிவிட முடியாது. நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் குரல் கொடுத்து, 2021இல்தான் அது நிறைவேறிற்று. அவ்வாறு பெற்ற கூலியை இழந்து ஒருவர் வகுப்புக்குப் போவது எளிதன்று. மணமாகிப் பிள்ளைகளும் உள்ள முப்பத்தைந்து வயதுக்காரர் தொழில் மாற நினைத்தால் இது பெருஞ்சிக்கல்.

ஆகையால், பேரை வெட்டிக்கொண்டு உடனே வேலையை விடுமாறு நாம் எவருக்கும் சொல்லோம். தொழில்நுட்பக் கல்லூரிகளில் வார இறுதி வகுப்புகளும் பகுதிநேர வகுப்புகளும் உண்டா என்று முதலில் விசாரிக்க. தொழில் தெரிந்தவரெனில் முன்கற்றல் வழியை நாடுக. அதில் இழப்பது சில நாட்கூலி மட்டுமே. பத்திரம் கைக்கு வந்தபின், வெளிவேலை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து கிடைக்கிறதா என்று பார்த்து, அதன்பின் தோட்ட வேலையை விடுவதே குடும்பஸ்தனுக்கு அழகு.

வெளிவேலைக்கு நம் மாகாணத்தில் குறைவில்லை. சிறு தேயிலைத் தோட்டக்காரர் கட்டும் புதுவீடுகள், கித்துல்கல ஆற்றோரத்து விடுதிகள், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர் இறைக்கும் மோட்டார்கள், கூரைமேல் ஏறிவரும் சூரியசக்தித் தகடுகள் என எல்லாம் தேர்ந்த கைகளை வேண்டுபவை. பழைய வட்டமுனைப் பிளக்குகளுக்குப் பதிலாக 13 ஆம்பியர்ச் சதுரமுனைப் பிளக் நாட்டின் நியமமாகிவிட்டதால் மாற்ற வேண்டிய வீடுகளும் ஏராளம்.

பெண்பிள்ளைகளுக்கு இத்தொழில் ஆகாது என்பாரும் உளர். கம்பியைப் பிடிக்கப் பெருவலிமை வேண்டியதில்லை. கவனமும் பொறுமையுமே வேண்டும். நாள்தோறும் கொழுந்துக் கூடை சுமந்து செங்குத்து மலை ஏறும் மகளிருக்கு ஏணியில் ஏறுவது பெரிதா?

மொழியும் பெயரும்

நம் மாகாணத்துத் தமிழ் இளைஞர்க்கு இரு தடைகள் சிறப்பாக உண்டு.

ஒன்று மொழி. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தொழிற்பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பவை. தமிழ்வழிப் பயிற்சியை நாடுவோர் அட்டன் பக்கத்துத் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களுக்கு மலையேறிப் போய்த் தங்க வேண்டியிருக்கும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆகவே விண்ணப்பத்தைத் தமிழில் எழுதவும், மதிப்பீட்டைத் தமிழில் நடத்துமாறு வேண்டவும் தயங்க வேண்டியதில்லை. ஒருவராகக் கேட்பதைவிட ஒரு வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் பலன் உண்டு. அதேவேளை, பேசும் அளவுக்குச் சிங்களம் கற்றுக்கொள்வது இத்தொழிலில் பெருமுதல். நாளை உங்களை வேலைக்கு அழைப்போரில் பாதிப்பேர் அயற்கிராமத்துச் சிங்களக் குடும்பத்தினராகவே இருப்பர்.

மற்றது ஆவணம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த சமூகம் நம்முடையது. அடையாள அட்டையில் ஓரெழுத்து, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் வேறெழுத்து, பள்ளிச் சான்றிதழில் மற்றோரெழுத்து எனப் பெயர் மூவகையாய்க் கிடப்பது தோட்டங்களில் சாதாரணம். தகைமைப் பத்திரத்தில் தவறான பெயர் ஏறிவிட்டால் பின்னர் திருத்தப் பெரும் அலைச்சல். விண்ணப்பிக்குமுன்னரே பெயரை ஒழுங்குபடுத்திக்கொள்க.

பிறநாடுகளில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கவலையன்று. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டு முதல் வீட்டு மின்வேலைகள் கட்டட விதிகளின் பி பகுதிக்குள் கொண்டுவரப்பட்டன. கண்டவர் கண்டபடி புதுச்சுற்று இழுத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு மின்தொழில் கற்போர் உண்டு. வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்று வழங்கவென்றே மின் உரிமம் வழங்கும் வாரியமும் உண்டு. எங்கும் நோக்கம் ஒன்றே. மின்சாரத்தைத் தொடும் கை பொறுப்புள்ள கையாக இருக்க வேண்டும் என்பதே அது.

அப்பொறுப்பு சில வேளைகளில் மறுப்பாகவும் வெளிப்பட வேண்டும். காட்டுப்பன்றியைத் தடுக்க வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரே பாய்ச்சித் தருமாறு கேட்போர் உண்டு. அக்கம்பியில் பன்றி மட்டுமா விழுகிறது? விறகு பொறுக்கப் போனவரும், விடியற்காலையில் பால் வெட்டப் புறப்பட்டவரும் மாண்டிருக்கின்றனர். எவ்வளவு காசு கொடுத்தாலும் அவ்வேலையைச் செய்யேன் என்று சொல்லத் தெரிந்தவரே உண்மையான மின்தொழிலாளி. "அண்ணே, இது ஆளைக் கொல்லும், நான் செய்யமாட்டேன்" என்று பெரியவரிடம் பணிவாகவும் உறுதியாகவும் சொல்வதற்கும் ஒரு துணை வேண்டும். கையிலுள்ள தகைமைப் பத்திரம் அத்துணையாக நிற்கும்.

படி மேலும் உண்டு

நான்காம் மட்டத்தோடு கதவு மூடிவிடுவதில்லை. ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாக்களுக்குப் படித்து, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் நிறுவப்பட்ட தொழினுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை செல்லலாம். உயர்தரப் பரீட்சையில் தவறியவர் பட்டத்தை எட்ட இப்படியும் ஒரு வழி உண்டு என்பதைப் பெற்றோர் பலர் இன்னும் அறியார்.

இந்த ஞாயிறு மாலை, தேநீர் குடித்தபின், வீட்டார் அனைவரும் சேர்ந்து மூன்று காரியங்கள் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையெனில் அது உங்களைக் காக்காது என்று அறிந்து, தகைமை பெற்றவரை அழையுங்கள். பியூஸ் கட்டையில் செம்பு இழை சுற்றியிருந்தால் அதையும் அவரிடம் சொல்லி உரிய அளவுக் கம்பியாக மாற்றுவியுங்கள். அதன்பின், லயனில் உள்ள அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, இக்கட்டுரையை அவரிடம் காட்டுங்கள்.

இத்தனை நாளும் இடியிலும் மழையிலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தவர் அவர். நம் முன்னோர் பெயர்கள் தோட்டத்துச் செக்றோலில் மட்டுமே எழுதப்பட்டுக் கிடந்தன. அவர் பெயர், அவர் கற்ற தொழிலுக்குச் சான்றாக, நாட்டின் தகைமைப் பத்திரத்தில் எழுதப்படட்டும். அவர் கைபட்ட வீடுகளில் தாய்மார் இடி முழங்கும் இரவிலும் அச்சமின்றி உறங்கட்டும்.